ஒடம்பப் பாத்துக்கம்மா

செல்வாம்பாள் லேசில் யாரையும் நம்ப மாட்டாள். மண்ணெண்ணெய் வாங்கினால் மோந்து பார்ப்பாள். பஸ்ஸில் ஏறினால் அது எங்கே போகிறது என்று கண்டக்டரிடம் ஒருமுறை, டிரைவரிடம் ஒருமுறை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் ஒருமுறை கேட்பாள். மூன்று பேரும் ஒரே ஊரைச் சொல்லிவிட்டால் சந்தேகம் இன்னும் கூடும். என் கடையில் இட்லி வாங்கும்போது மேலே இருப்பதைத் தொட மாட்டாள். அடியில் இருப்பதைத்தான் எடுத்துத் தரவேண்டும். மேலே இருப்பது நேற்றையது என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

"ஏண்டி, நேத்து சுட்டது மேலயா இருக்கும், அடியிலயா இருக்கும்?" என்று ஒரு நாள் கேட்டேன். நின்று யோசித்தாள். மறுநாளிலிருந்து நடுவில் இருக்கிற இட்லியைக் கேட்க ஆரம்பித்தாள்.

என் பெயர் சுலோசனா. முத்தியால்பேட்டையில் ஒரு நூல் மில்லின் கேட்டுக்கு நேர் எதிரே எனக்கு இட்லிக் கடை. ஊரில் பேர்போன பெரிய மில்கள் இருந்தன. இது அவற்றில் ஒன்றில்லை. பெயரைச் சொல்லி இப்போது ஆகப்போவதும் ஒன்றுமில்லை. காலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, இரண்டும் என் அடுப்புக்கு எதிரில்தான் நிற்கும். யார் முகம் வாடியிருக்கிறது, யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும் என்று இறுமாப்போடு இருந்தேன். என் கண்ணெதிரே பல வருஷம் நடந்த ஒன்று மட்டும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அதைக் கண்டுபிடிக்க இந்தச் சந்தேகப் பிராணிதான் வரவேண்டியிருந்தது.

செல்வாம்பாளுக்குச் சந்தேகம் பிறவிக் குணம் இல்லை. வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பலராமனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், பணப்பையையே என் கடையில் வைத்துவிட்டு வேலைக்குள் போவாள். அப்படிப்பட்ட வெள்ளந்தி. பலராமன் அந்த மில்லில் பஞ்சு பிரிக்கும் பகுதியில் வேலை பார்த்தான். வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். அவன் பெண்டாட்டி என்பதால் அவளையும் ரீலிங்கில், அதாவது நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிற இடத்தில், சேர்த்துக்கொண்டார்கள். அந்த மில் ஆள் எடுத்ததே அப்படித்தான். புருஷன் உள்ளே இருந்தால் பெண்டாட்டி அதிகம் பேச மாட்டாள் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு.

பெண்கள் எல்லோரும் பதிலித் தொழிலாளிகள். நிரந்தர வேலை கிடையாது. தினமும் கேட்டுக்கு வரவேண்டும், உள்ளே போ என்றால் போகவேண்டும், இல்லை என்றால் திரும்பிவிட வேண்டும். உள்ளே விடுவதும் நிறுத்துவதும் டைம்கீப்பர் கோவிந்தராசு கையில். அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். சலவை வேட்டி, நெற்றியில் ஒரு கீற்று விபூதி, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்புப் படித்த மிடுக்கு. தினமும் காலையில் ஆண்கள் வரிசையோடு கூடவே நடப்பார். ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்து "போன்ழூர், போன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். வீட்டில் சௌக்கியமா என்று விசாரிப்பார். பெண்கள் வரிசைப் பக்கம் மட்டும் தலையைத் திருப்ப மாட்டார்.

"தங்கமான மனுசன், பொம்பளைங்கள நிமுந்துகூடப் பாக்க மாட்டாரு" என்று ரீலிங் பெண்கள் சொல்வார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

எழுபத்தாறாம் வருஷம் செல்வாம்பாள் முழுகாமல் இருந்தாள். நாலாம் மாதம். அவளுக்கும் பலராமனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தாய் வீட்டுக்கே இன்னும் சொல்லி அனுப்பவில்லை. ஒரு காலை கேட்டில் வாட்ச்மேன் முருகையன் தடியைக் குறுக்கே நீட்டினான். பின்னால் நின்றிருந்த கோவிந்தராசு தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"வேல கொறைவா இருக்கும்மா. சொல்லி அனுப்பறோம். ஒடம்பப் பாத்துக்கம்மா."

நாளும் நாளும் வந்து நின்றாள். நாளும் அதே பேச்சு. அதே வாரம் புதிதாக இரண்டு பெண்களை உள்ளே சேர்த்தார்கள். கோவிந்தராசு குரலை உயர்த்தவே மாட்டார். பிள்ளைத்தாச்சி என்ற வார்த்தையையும் வாயில் எடுக்க மாட்டார். ஆனால் அவர் யாரிடம் "ஒடம்பப் பாத்துக்கம்மா" என்று சொல்கிறாரோ அவள் வயிற்றில் பிள்ளை இருக்கும். இது அந்தக் கேட்டில் எழுதாத சட்டம். செல்வாம்பாளுக்கு முன்னால் அதே ரீலிங்கில் இருந்த தையல்நாயகிக்கு நடந்தது, அதற்கு முன்னால் வேறு எத்தனையோ பேருக்கு. பிள்ளை பெற்று ஆறேழு மாதம் கழித்து வந்து கெஞ்சினால், புது ஆள் மாதிரி மறுபடி சேர்த்துக்கொள்வார்கள்.

வேலை நின்றதும் செல்வாம்பாள் கொத்தனாருக்குச் சித்தாளாகப் போனாள். கடலோரம் ஏதோ பங்களா கட்டினார்கள். ஒன்பதாம் மாதம் வரை செங்கல் தூக்கினாள். பலராமன் அதுவரை முகத்தில் கத்தி வைக்கவில்லை. பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷன் சவரம் செய்யக்கூடாது, முடி வெட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு கல்யாணத்தில் பங்காளிகள் சாமியார், சாமியார் என்று கேலி பண்ணினார்கள் என்று ரோஷப்பட்டுப் போய் மழித்துக்கொண்டு வந்தான். அந்த வாரமே வலி கண்டது. ஆண் குழந்தை. பிறக்கும்போதே உயிர் இல்லை.

செங்கல்தான் காரணம் என்று அவள் நினைத்தாள். சவரக்கத்திதான் காரணம் என்று அவன் நினைத்தான். ஒருவர் மனசில் இருப்பதை மற்றவர் கேட்டதே இல்லை.

பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா அவளைத் திட்டியிருக்கிறாள். "மில்லுல வேல செய்றவதான நீ? ஒனக்குச் சட்டப்படி சம்பளத்தோட லீவு உண்டே, எதுக்கு செங்கல் தூக்குன?" செல்வாம்பாள் நம்பவில்லை. வேலை செய்யாதவளுக்கு எவனாவது சம்பளம் தருவானா? இதில் என்ன வில்லங்கமோ என்று, லேபர் ஆபீசுக்குப் போய் ஒரு குமாஸ்தாவைக் கேட்டாள். உண்டு என்றார். வெளியே சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த இன்னொருவரைக் கேட்டாள். அவரும் உண்டு என்றார். அப்போதுதான் அழுதாளாம். பிரசவத்துக்கு முந்தின ஒரு வருஷத்தில் நூற்றறுபது நாள் வேலை செய்திருந்தால் போதும். மூன்று மாதச் சம்பளமும் உண்டு, திரும்பி வந்தால் வேலையும் உண்டு. அந்த நூற்றறுபது நிறைவதற்குள் ஆளைக் கேட்டில் நிறுத்துவதுதான் கோவிந்தராசின் உத்தியோகம். அவருக்குச் சம்பளம் முதலாளி கொடுக்கிறார், முதலாளிக்கு அந்த மூன்று மாதச் சம்பளத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறவர் இவர்.

சரி, ஆனால் அவருக்கு எப்படித் தெரிகிறது? பெண்கள் பக்கம் பார்க்காத மனுஷனுக்குப் பெண்கள் வயிற்றில் இருப்பது எப்படித் தெரியும்? யாரோ உள்ளே இருந்துகொண்டு சொல்கிறார்கள். யார்? அந்தக் கேள்வியோடுதான் செல்வாம்பாள் மில்லுக்குத் திரும்பி வந்தாள். அன்று முதல் பணப்பையை என் கடையில் வைக்கவில்லை.

சந்தேகம் அன்னக்கிளி மேல் விழுந்தது. மில்லுக்குள் பெண்கள் கக்கூசைக் கழுவி, குடிதண்ணீர்ப் பானையை நிரப்புகிறவள் அன்னக்கிளி. நாற்பது தாண்டியவள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம், பிள்ளை இல்லை. யார் வாந்தி எடுக்கிறார்கள், யார் அடிக்கடி ஒதுங்குகிறார்கள், யாருக்கு மாதத் துணி வரவில்லை என்று அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? போதாக்குறைக்குக் காலையில் டைம் ஆபீசைக் கூட்டிப் பெருக்குவதும் அவள்தான்.

"புள்ள இல்லாத வயித்தெரிச்சல்" என்றாள் தையல்நாயகி. முதலில் விரல் நீட்டியவள் செல்வாம்பாள். அத்தனை பேரும் நம்பினார்கள். அன்னக்கிளி வந்தால் பேச்சு நின்றுவிடும். சாப்பாட்டு நேரத்தில் அவள் உட்கார்ந்தால் மற்றவர்கள் தூக்குவாளியோடு எழுந்துவிடுவார்கள். அவள் நிரப்பிய பானையில் செல்வாம்பாள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்; வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோவாள்.

அன்னக்கிளி ஒன்றும் கேட்கவில்லை. தன் கிண்ணியை எடுத்துக்கொண்டு கோடியில் இருந்த ஒரு பூட்டிய அறையின் வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அறைக் கதவுக்கு மேலே 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு. உள்ளே பஞ்சுப் பொதி அடுக்கியிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பொதிகளை வெளியே தள்ளி, இரண்டு தூளி கட்டி, ஆபீஸ்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து கிடத்துவார்கள். இன்ஸ்பெக்டர் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார். பிள்ளைகள் வீட்டுக்குப் போகும், பொதிகள் உள்ளே போகும்.

எண்பத்தொன்றாம் வருஷம் தை பிறந்த பிறகு செல்வாம்பாளுக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது. ஐந்து வருஷம் கழித்து. பதிலிக்கு வாரம் முழுக்க வேலை கிடைக்காது அல்லவா? அவள் போட்ட கணக்கில் நூற்றறுபது நிறைய ஆடி பிறக்கவேண்டும். அதுவரை கேட்டில் நிறுத்தாமல் இருந்தால் இந்தப் பிள்ளைக்குச் செங்கல் இல்லை. நிறுத்திவிட்டால் மறுபடி அதே கொத்தனார், அதே செங்கல். அந்த நான்கைந்து மாதமும் அவள் மூச்சு விட்டதே அந்தப் பயத்தில்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை ஆரம்பித்தாள். புடவையைத் தளர்த்திக் கட்டினாள். காலை வாந்தியை என் கடைப் பின்சந்தில் முடித்துக்கொண்டு, முகம் கழுவி, சிரித்துக்கொண்டு வரிசைக்குப் போவாள். அப்படித்தான் விஷயம் எனக்குத் தெரிந்தது. மில்லுக்குள் இரண்டு தடவை அடக்க முடியாமல் போய்விட்டதாம். கதவைச் சாத்திக்கொண்டு எடுத்துவிட்டு வெளியே வந்தால், வாளியும் கையுமாக அன்னக்கிளி. ஏறிட்டுப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்கல பாரு சுலோக்கா! கேட்டிருந்தாக்கூட பரவால்ல. கேக்காதவதான் கழுத்தறுப்பா" என்றாள் என்னிடம்.

அன்னக்கிளிக்குப் பொறி வைத்தாள். பானைப் பக்கம் போய், அன்னக்கிளி காதில் மட்டும் விழுகிற மாதிரி, "நம்ம சின்னப்பாப்பா முழுவாம இருக்காளாம்" என்று ஒரு பொய்யை உதிர்த்தாள். கூட நூல் சுற்றுகிற சின்னப்பாப்பாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இனி அவளைக் கேட்டில் நிறுத்தினால் உளவு சொன்னது அன்னக்கிளிதான். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. சின்னப்பாப்பா தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

வேறு யாராக இருந்தாலும், ஐயோ பாவம், தப்பாக நினைத்துவிட்டோமே என்பார்கள். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "கில்லாடிக்கா அவ. பொய்யின்னு கண்டுபுடிச்சிட்டா." அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அடுத்து என் முறை. "இது தெரிஞ்சது மூணே பேருக்கு. எனக்கு, அவருக்கு, ஒனக்கு" என்று இழுத்தாள். கரண்டியை ஓங்கிவிட்டேன். இரண்டு நாள் அவளுக்கு இட்லி கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, என்னை விட்டுவிட்டதாகச் சொன்னாள். இப்போது சந்தேகம் கட்டின புருஷன் மேல்.

"தெனமும் காலையில அந்தக் கோவிந்தராசு இவருகிட்ட நின்னு பேசறாரு. இவரு ஊருல யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டாரு. அவருகிட்ட மட்டும் என்னா பேச்சு?"

"போன்ழூர் சொன்னா திருப்பிச் சொல்ல மாட்டானாடி?"

"ரெண்டு வாரமா என் மொகத்தப் பாக்காம இவரு மொகத்தையே பாக்கறாருக்கா அந்தாளு."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டுதான் இருவரும் நெய்க்கு அலைந்தோம்.

சித்திரையில் ஒரு காலை. பெண்கள் வரிசையில் முருகையனின் தடி குறுக்கே விழுந்தது. தன்னைத்தான் நிறுத்துகிறார்கள் என்று செல்வாம்பாள் முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டாள். ஆனால் தடி அவளுக்கு இல்லை; அவளுக்கு முன்னால் நின்ற அஞ்சலாட்சிக்கு. கோவிந்தராசு தரையைப் பார்த்துக்கொண்டு அந்த மூன்று வார்த்தையையும் சொன்னார். வேலை குறைவு. சொல்லி அனுப்புகிறோம். ஒடம்பப் பாத்துக்கம்மா.

அஞ்சலாட்சி சும்மா விடுகிற ஆளா? குரல் குருசுக்குப்பம் வரை கேட்டிருக்கும். "எந்த ஒடம்ப பாக்கச் சொல்றீங்க? நாலு பெத்து ஆபரேசன் பண்ணி அஞ்சு வருசம் ஆவுது! அதுக்கு ஆஸ்பத்திரியில குடுத்த பக்கெட்டு இன்னும் வூட்டுல இருக்கு! எந்தப் புள்ளய நான் பெக்கப் போறேன்?"

மில்லில் அத்தனை பெண்களுக்கும் அவள் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டது தெரியும். அன்னக்கிளிக்கும் தெரியும். பிறகு எவள் போய் இவள் பிள்ளைத்தாச்சி என்று சொல்லியிருப்பாள்? கோவிந்தராசு காது கேட்காதவர் மாதிரி உள்ளே போய்விட்டார்.

அஞ்சலாட்சியை என் கடை பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் செல்வாம்பாளும் வந்துவிட்டாள். சத்தம் கேட்டு அஞ்சலாட்சியின் புருஷன் பாவாடை ஓடிவந்தான். அவனும் பலராமனோடு பஞ்சுப் பகுதிதான். மாசியில் அவர்கள் பையனுக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைத்தது. அன்றிலிருந்து வீராம்பட்டினத்து அம்மனுக்கு ஆடியில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டு தாடியும் தலையுமாகத் திரிந்தான்.

செல்வாம்பாள் அவனைப் பார்த்தாள். வாய்க்குப் போன இட்லி பாதி வழியில் நின்றது.

"சுலோக்கா, தையல்நாயகிய நிறுத்தனாங்களே, அப்ப அவ புருசன் எப்பிடி இருந்தாரு?"

"எப்பிடி இருப்பான்? தாடியோடதான். புள்ளத்தாச்சி புருசன் வேற எப்பிடி இருப்பான்?"

"என்னிய நிறுத்தனப்ப?"

பலராமனும் அப்போது தாடியோடுதான் இருந்தான். என் அடுப்பெதிரே இத்தனை வருஷம் கோவிந்தராசு ஆண்கள் வரிசையோடு நடந்து ஒவ்வொரு மோவாயாகப் பார்த்துக்கொண்டு போனதை, நானும் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். பெண்கள் வயிற்றை மறைத்தார்கள். அவர்கள் புருஷன்மார் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே வந்து, முகத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பை அணைத்துவிட்டேன்.

பலராமனுக்கு அப்போது இரண்டு மாதத் தாடி. இந்த முறை, நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றிலிருந்தே அவன் கத்தியைத் தொடவில்லை. இன்னும் கோவிந்தராசு அவளை ஏன் நிறுத்தவில்லை என்றால், நூற்றறுபது நிறைய இன்னும் நாள் இருந்தது, அஞ்சலாட்சி போட்ட கூச்சலில் அவருக்கும் கொஞ்சம் தயக்கம், அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் செல்வாம்பாள் என்னிடம் சொன்னாள்.

"நாளைக்கே போயி பக்கிரி கடையில செரச்சிட்டு வாங்க" என்றிருக்கிறாள். பக்கிரி எங்கள் தெரு சலூன்காரர்.

"மாட்டேன்."

"ஒங்க தாடிதான் காட்டிக் குடுக்குது. அந்தாளு நாளைக்கி என்னிய நிறுத்திடுவான்யா!"

"நிறுத்தட்டும். கத்தி வைக்க மாட்டேன்."

"மறுபடி செங்கல் தூக்கச் சொல்றியா?"

அப்போதுதான் பலராமன் ஐந்து வருஷமாகச் சொல்லாததைச் சொன்னான். "நீ செங்கல் தூக்கி ஒண்ணும் ஆவல புள்ள. ஒம்போது மாசம் தூக்குன, இருந்திச்சில்ல? நான் போயி செரச்சேன். அந்த வாரமே போயிடிச்சி. நான்தான் கொன்னேன்."

புருஷன் உளவு சொல்கிறான் என்று தான் வேவு பார்த்த அத்தனை நாளும் அவன் உள்ளுக்குள் இப்படி வெந்துகொண்டிருந்தானே என்று நினைத்தபோது தன்மேலேயே வெறுப்பாக வந்தது என்று செல்வாம்பாள் என்னிடம் சொல்லி அழுதாள். கத்தி இல்லை, செங்கல்தான் என்று அவனோடு வாதாடினாள். அவன் கேட்கவில்லை. தாடியை எடுத்தால் அவன் செத்துவிடுவான்; வைத்திருந்தால் இவள் வேலை போய்விடும். விடிகிற வரை ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள்.

காலையில் சட்டை மாட்டும்போது பலராமன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "நான் மட்டும் வளத்தாத்தான தெரியும்?"

நேரே பாவாடையிடம் போனான். தன் தாடியால் பெண்டாட்டி வேலை போன கடுப்பில் இருந்தவனுக்கு வேறு என்ன வேண்டும்? பஞ்சுப் பகுதியில் பாவாடை ஒவ்வொருவனாகப் பிடித்தான். "ஆடிக்கு அம்மனுக்கு முடி எறக்கறோம், எல்லாரும்." சிலர் பக்திக்காகச் சம்மதித்தார்கள். தங்கள் பெண்டாட்டிகளும் அந்தக் கேட்டில் திருப்பி அனுப்பப்பட்டதை நினைத்துச் சிலர் சம்மதித்தார்கள். சவரக் காசு மிச்சம் என்று சம்மதித்தவர்களும் உண்டு. வைகாசி முடிவதற்குள் ஆண்கள் வரிசை முழுக்கத் தாடி. என் கடையில் சாம்பார் குடித்தால் பாதி மீசையோடு போய்விடும். ஐம்பது வயதுக்காரன், போன மாதம் மீசை அரும்பியவன், பெண்டாட்டியை இழந்தவன் எல்லோரும் ஒரே கோலம். சலூன்காரர் பக்கிரி மட்டும் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்.

கோவிந்தராசு காலையில் போன்ழூர் சொல்லிக்கொண்டு வருவார். முகம் முகமாகப் பார்ப்பார். பாதி வரிசையில் குரல் இறங்கிவிடும். முதலில் குத்துமதிப்பாக இரண்டு பெண்களை நிறுத்தினார். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. நூல் சுற்ற ஆள் இல்லாமல் தேங்கிப்போய் மேனேஜர் கத்தினார். பிறகு கோவிந்தராசு, தாடி மெஷினில் மாட்டும், எடுத்துவிடுங்கள் என்றார். "அம்மன் வேண்டுதல் சார். எடுக்கச் சொல்லி நீங்களே எழுதிக் குடுங்க, ஆத்தாகிட்ட காட்டிக்கிறோம்" என்றான் பாவாடை. விபூதிக்காரர் எழுதுவாரா?

இதற்கிடையில் செல்வாம்பாள் அஞ்சலாட்சியை லேபர் ஆபீசில் புகார் கொடுக்க வைத்திருந்தாள். ஆடி பிறந்த பிறகுதான் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அஞ்சலாட்சியும் பாவாடையும் போனார்கள். துணைக்குச் செல்வாம்பாளும் போனாள். அங்கே நடந்ததை அஞ்சலாட்சி என் கடையில் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறாள்.

மில் சார்பில் வந்திருந்த கோவிந்தராசை ஆபீசர் கேட்டாராம்: "இந்தம்மாவ ஏன் நிறுத்துனீங்க?"

"வேல கொறைவுங்க."

"அன்னிக்கே புதுசா ஒரு பொண்ண சேத்திருக்கீங்களே? இத்தன பேருல இவங்கள மட்டும் ஏன் எடுத்தீங்க? என்னா காரணம்?"

கோவிந்தராசு எதிரே பார்த்தார். பாவாடை தாடியை மெல்ல நீவிக்கொண்டிருந்தான். என்ன சொல்வது? இவள் பிள்ளைத்தாச்சி என்று நினைத்து நிறுத்தினேன் என்றால் அது சட்டத்துக்கு விரோதம். புருஷன் தாடியைப் பார்த்து நினைத்தேன் என்றால் ஊரே சிரிக்கும். மனுஷன் கர்ச்சீப்பை எடுத்து விபூதியையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டார். அஞ்சலாட்சியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார் ஆபீசர்.

எல்லோரும் எழுந்தபோது செல்வாம்பாள் மட்டும் போகவில்லை. இடுப்பில் தளரக் கட்டியிருந்த புடவையை அங்கேயே இழுத்துச் செருகினாள். வயிறு தெரிந்தது.

"ஐயா, எனக்கு ஆறு மாசம். நேத்தோட நூத்தி அறுவது நாளு நெறஞ்சி போச்சி. இதையும் எழுதிக்கங்க. இவரு இருக்கறப்பவே எழுதுங்க" என்றாள். ஆபீசர் எழுதினார். எழுதியதை வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். பக்கத்தில் இருந்த குமாஸ்தாவைக் கூப்பிட்டு அவரையும் ஒருமுறை வாசிக்கச் சொன்னாளாம். அதுதான் செல்வாம்பாள்.

கையோடு, மில்லில் பிள்ளைகளை விட இடம் இருக்கிறதா என்று ஆபீசர் கேட்டார். கோவிந்தராசு இருக்கிறது என்றார். "இருக்குங்க, பஞ்சுப் பொதியெல்லாம் அதுலதான் தூங்குது" என்றாள் அஞ்சலாட்சி.

ஆடி ஐந்தாம் வெள்ளி தேருக்கு அத்தனை ஆண்களும் வீராம்பட்டினம் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். மறுநாள் வரிசையில் பளபளவென்று தலைகள். பலராமன் மட்டும் தாடியோடு நின்றான். கோவிந்தராசு அவன் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப்போனார்.

ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. உயிரோடு, ஊரைக் கூட்டுகிற அழுகையோடு. பலராமன் பக்கிரி கடையில் உட்கார்ந்து மழித்துக்கொண்டே அழுதான் என்று பக்கிரி சொன்னார். மூன்று மாதச் சம்பளம் வந்தது. லீவு முடிந்து செல்வாம்பாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குள் போனாள். பொதிகளை அகற்றி, சுண்ணாம்பு அடித்து, தூளி கட்டியிருந்தார்கள். புதிதாக ஆயா வேலைக்கு ஆள் போட மனசில்லாமல், கக்கூஸ் கழுவுகிறவளையே பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். வாசற்படியில் அன்னக்கிளி உட்கார்ந்திருந்தாள்.

அன்று உள்ளே நடந்ததைச் செல்வாம்பாள் சாயங்காலம் என் கடையில் வந்து சொன்னாள். சொல்லும்போது இட்லி கேட்கவில்லை.

குழந்தையைக் கொடுக்க அவளுக்குக் கை நீளவில்லை. கொடுக்காமல் போகவும் முடியவில்லை. தூக்குவாளியைத் திறந்து, படியில் அன்னக்கிளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சாப்புடுக்கா. கருவாட்டுக் கொழம்பு" என்றாள்.

அன்னக்கிளி தன் கிண்ணியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"நீ உள்ள ரெண்டு தரம் வாந்தி எடுத்தியே, அத யாரு கழுவுனான்னு நெனச்ச? ஆபீஸ்காரங்க மோந்து பாத்துடப் போறாங்கன்னு ரெண்டு பாட்டில் பினாயில் ஊத்துனேன். கணக்கு கேட்டு என் கூலியில புடிச்சாங்க. தையல்நாயகிக்கும் ஊத்துனேன். உள்ள வாந்தி எடுத்த அத்தன பேருக்கும் ஊத்துனேன்."

"மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"யாருகிட்ட சொல்றது? நான் வந்தா எழுந்து போனீங்க."

செல்வாம்பாள் குழம்பை எடுத்து அவள் கிண்ணியில் போடப் போனாள். அன்னக்கிளி கையால் கிண்ணியை மூடிக்கொண்டாள். கோபமாகக்கூட இல்லையாம்.

"சோறு வேணாம். தனியா துன்னு பழகிப்போச்சி" என்றாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள். "கொழந்தயக் குடு. சங்கு ஊதிட்டாங்க, நேரமாவுது."